பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளும் ஒரு பொய்யும்

“எல்லாமோ, மாஸ்டர்?”

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஏப்ரல் காலையில் தவமணி தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற செவ்வாய்க்கிழமை அவருடைய கணவர் அழைத்து, “அவ விடியப்பறம் எங்களை விட்டுப் போயிட்டா” என்றபோதும் என் காதில் முதலில் விழுந்தது இந்தக் கேள்விதான்.

சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் தோட்ட வரிசையில் நின்ற உங்களுக்கு அவரைத் தெரியும். பொருட்கிடங்கில் வேலை, மிச்ச நேரமெல்லாம் மண். ஒக்டோபரில் மிளகாய்ச் செடிகளின் கிளைகளை வெட்டி, வேரோடு சட்டிக்கு மாற்றி, மாடிப்படி யன்னலோரம் அடுக்குவார். கிழமைக்கு ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீர், அவ்வளவுதான். நான் உரம் போடப் போனால் தடுப்பார். “அது நித்திரை கொள்ளுது. எழுப்பிச் சாப்பாடு தீத்தாதேங்கோ.”

அந்த வருடம் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. முந்தைய கோடையில் குனிய முடியாமல் பாத்தியில் புல் மண்டியதால், நிலத்தை வாடகைக்குத் தரும் தோட்டச் சங்கம் எச்சரித்திருந்தது: ஜூனில் பார்க்க வரும்போதும் அப்படியே கிடந்தால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும். ஆறு வருடம் காத்திருந்து பெற்ற நிலம். குளிரைத் தாண்டிய பன்னிரண்டு கன்றுகளையும் என்னை நம்பி விட்டு, வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். “மே நடுவில பனிச்சாமிமாற்றை நாள் கழியுமட்டும் வெளியில நடாதேங்கோ” என்றார். அந்த நாட்கள் போகும்வரை உறைபனி வரலாம் என்பது இங்குள்ள தோட்டக்காரர் கணக்கு.

சித்திரை வருடப்பிறப்பன்று நல்ல வெயில். நல்ல நேரத்தில் மண்ணில் கைவைப்பது நம் வழக்கம். பஞ்சாங்கம் பார்த்துப் பன்னிரண்டையும் நட்டேன். இரண்டாம் இரவு உறைபனி விழுந்தது; மூன்றாம் நாள் காலை இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

அன்று அவர் அழைத்தார். “நல்லா நிக்குது” என்றேன். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன் நின்றவன் சொன்ன பொய். அதே அளவில் கன்றுகள் தேடி இரண்டு நாள் கடை கடையாக அலைந்தேன். பிறகு மனம் தாங்காமல் உண்மையைச் சொன்னேன்.

“எல்லாமோ, மாஸ்டர்?”

“எல்லாம்.”



“கடையில வாங்கி நடப் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“பிள்ளை பிழையா எழுதினா, தாளைக் கிழிச்சுப்போட்டு வேற தாள் வைக்க விடுவியளோ? ஒண்டையும் புடுங்காதேங்கோ. நான் வாறன்.”

அடுத்த கிழமை ஊன்றுகோலோடு வந்தார். ஒவ்வொரு அடித்தண்டையும் நகத்தால் சுரண்டினார். முதலாவது மண்ணிறம். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த மாணவனைப்போல நின்றேன். நாலாவதில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மொத்தம் ஐந்து. மற்ற இடங்களில் குளிர் தாங்கும் முள்ளங்கியும் கீரையும் விதைக்கச் சொன்னார். “உங்கட பஞ்சாங்கத்தை இஞ்சத்தைய மண்ணுக்கு வாசிக்கத் தெரியாது” என்றார், சிரிக்காமல்.

ஜூனில் சங்கத்தார் இருவர் வந்தார்கள். ஐந்து செடிகளிலும் பூ. கீரை தழைத்திருந்தது. ஒருவர் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். தலையசைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்கள். தவமணி கவிழ்த்துவைத்த வாளியில் மெல்ல உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்றார்.

பிழையை அன்றைக்கே சொல்லிவிடும் பழக்கம் எழுபது வயதில் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள்: இந்தக் குளிர் முடிந்ததும், பட்டுப்போனதாக நினைக்கும் ஒரு செடியின் அடித்தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால், மூன்று கிழமை பிடுங்காமல் விடுங்கள்.