பொன்னையா அண்ணாச்சியும் துரை கோயிலும்

பொதுமக்கள் கவனத்துக்கு. குற்றாலம் துரை கோயிலின் வாசற்கதவு இனிமேல் கிறீச்சிடாது. கீலுக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது. "சத்தம் கிடக்கட்டும்லே, அதுதான் சுவத்துல பேரு இருக்கவங்களுக்குக் காலிங் பெல்" என்று இத்தனை நாளும் தடுத்துவந்த பொன்னையா அண்ணாச்சி போய்விட்டார்.

செய்தி வந்தபோது நான் தென்காசியில் டியூஷனில் இருந்தேன். கோயிலுக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கும் செய்யது மாமா போனில் சொன்னார். நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் அண்ணாச்சியின் செருப்பை ஒளித்துவைத்திருந்தேன். பழிக்குப் பழி என்றே நினைத்தேன். "அண்ணாச்சிகிட்ட போனைக் குடுங்க மாமா" என்றேன். மாமா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அவரை அறிந்த உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். கோயில் சுவரில் ஈரத்துண்டைக் காயப்போட்டிருப்பீர்கள். ஓய்வுபெற்ற ஏட்டு; குரல் ஓய்வுபெறவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் காற்று வாங்க வந்து காய்ச்சலில் போன துரைமார்களுக்காகக் கட்டிய சின்ன கிறிஸ்தவ நினைவாலயம் அது. மெயின் அருவியில் நிற்க இடமிருக்காது. இங்கே மெயின்டனன்ஸுக்கே ஆளில்லை. சாவியை அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊர் குற்றாலம் என்றால் ஒரு குற்றவாளி வேண்டுமே, அது நான். ஒரு சீசனில் கோயிலுக்குப் பின்னால் ஒளிந்து, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தம் எழுப்பினேன். உள்ளே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அண்ணாச்சி அசரவில்லை, துரையின் குதிரைக்கு இது பசிநேரம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். "ஏலே, குதிரைக்கு நாலு காலு. நீ ரெண்டு காலுக்குத்தான் சத்தம் போடுதே." அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

சுவரில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அந்த அம்மாவை அவர் ஒரு வாரம் காய்ச்சலில் சாகவைப்பார், மறுவாரம் அருவியில் வழுக்கி விழவைப்பார். உண்மையில் எப்படித்தான் செத்தார் என்று கேட்டேன். "யாருக்குலே தெரியும்? பேரை மட்டும் சொன்னா வந்தவன் உடனே போயிருதான். கதை சொன்னா கொஞ்சம் நிக்கான். அந்தம்மாவுக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்ட ஒரு மாலையில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மகள் குவைத்தில் இருக்கிறாள். அவர் போனால் தென்காசிப் பெரிய சர்ச்சில் அடக்க ஆராதனை வைப்பதுதான் எல்லோருக்கும் வசதி. அவருக்கு அதில் விருப்பமில்லை. "என்னை இங்கன இருந்துதான் எடுக்கணும். இந்தப் பெஞ்செல்லாம் நெறையணும்லே. காலிப் பெஞ்சைப் பாத்துப் பாத்துச் சடைஞ்சு போச்சு."

என் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே ஒரு மெசேஜ் போட்டால் பெஞ்சு பத்தாது என்று மார்தட்டினேன். "பிரியாணின்னு பொய் சொல்லிக் கூட்டாதே" என்றார்.

பெஞ்சு பத்தவில்லைதான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்கள், பழக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், அவரிடம் ஏச்சு வாங்கிய துண்டுக்காரர்கள் என்று வாசல்வரை ஆள். செய்யது மாமாவும் நானும் தொழுகைத் தொப்பியோடு வெளியே மழையில் நின்றோம். குவைத்திலிருந்து வந்திறங்கிய மகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரா?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அம்மாவின் கதைகளைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது எட்டிப் பார்த்தால் ஒன்றை எடுத்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் நிற்கிறார்கள்.

கூட்டம் சேர்த்தது நான்தான் என்று வகுப்பில் எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அந்த மெசேஜை நான் போடவே இல்லை. 'பொன்னையா அண்ணாச்சி' என்று அடிப்பேன், அடுத்த வார்த்தை வராது, அழித்துவிடுவேன். நீங்களெல்லாம் நீங்களாகத்தான் வந்தீர்கள்.