லோரியில் ஏறிய மூட்டம்

பாலோ ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் அத்தையின் மாட்டுக் கொட்டகையில் இன்று போய் இறங்கியதும், ஈரப்புல்லும் தேங்காய் மட்டையும் கருகும் புகைமூட்டத்தின் வாடை மூக்கில் ஏறியது. கொள்ளுத்தாத்தா கட்டிய கொட்டகை அது. சிறுவயதில், பொழுது சாய்ந்ததும் கொசுவை விரட்ட அத்தை மூட்டம் போடுவார். புகை மரங்களுக்குள் பரவியதும், எங்கோ மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் கழுத்துமணி குலுங்க, யாரும் கூப்பிடாமலே வந்து, புகைக்குள் முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். அவற்றின் சூடான வயிற்றோரம் ஒட்டி நின்று நானும் இருமுவேன்.

ஆனால் இப்போது உச்சி வெயில். இந்த நேரத்தில் அத்தை மூட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், வரப்போகும் தொழிற்சாலைக்காக மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. விற்ற மாடுகளை ஏற்ற வந்த லோரி வாசலில் நின்றது. மாடுகளோ மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு செம்பனைக்குள் ஓடியிருந்தன.

லோரிக்காரர் பிரம்பை எடுத்தார்.

"அடிக்காதீங்க லா! அதுங்க அடி வாங்கிப் பழகல," என்று அத்தை கத்தினார்.

"அப்புறம் எப்படிக்கா ஏத்துறது?"

அத்தை, மூட்டம் புகைந்துகொண்டிருந்த தகர டின்னைத் தூக்கிப்போய் லோரிக்குள் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன, லோரியில் சாய்த்திருந்த பலகையில் தாமாகவே ஏறின, புகையில் முகம் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டன.

கதவைச் சாத்தும்போது லோரிக்காரர் கேட்டார்: "டின்ன எடுத்துக்கிறீங்களா?"

"இருக்கட்டும். மூட்டம் அணையிற வரைக்குமாவது அதுங்க வீட்டுல இருக்கோம்னு நினைச்சுக்கட்டும்."