கோலி விழுந்த சத்தம்

மலாங் பாஜிக்குக் கேர் மாதி கிராமத்தில் இரண்டு வேலை. தினமும் மாவு மில்லை ஓட்டுவது ஒன்று. தேர்தலுக்குத் தேர்தல் மணி கேட்பது இன்னொன்று. மில் சோறு போட்டது. ஆனால் அவன் உயிரை வைத்திருந்தது மணியில்தான்.

காம்பியாவில் ஓட்டு என்றால் கோலிக்குண்டு. விரலில் மை வைத்ததும் கையில் ஒரு கோலியைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். மறைப்புக்குள் கட்சிக்கொரு நிறத்தில் பீப்பாய்கள் நிற்கும், ஒவ்வொன்றிலும் வேட்பாளர் படம் ஒட்டியிருக்கும். எழுத்து வாசனையே இல்லாதவனும் தனக்குப் பிடித்தவனின் பீப்பாய்க் குழாயில் கோலியைப் போட்டுவிட்டு வரலாம். உள்ளே இருக்கும் மணியில் பட்டு டிங் என்று ஒரே ஒரு சத்தம் வரும். இரண்டு முறை அடித்தால் கள்ளக் கோலி. அடிக்கவே இல்லையென்றால் கோலி மடியில் வெளியே போகிறது, அதற்கு எந்தக் கட்சிக்காரனோ விலை பேசியிருக்கிறான் என்று அர்த்தம். தேர்தல் நாளில் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துப் பக்கம் சைக்கிளே விடமாட்டார்கள். எவனாவது மணியை அடித்துத் தொலைத்தால் நாட்டின் தலையெழுத்தே குழம்பிப் போகுமே!

அந்த ஒற்றைச் சத்தத்தைக் கேட்பதற்காக மறைப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் மலாங். மீசை முளைத்த புதிதில் உட்கார்ந்தவன். பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள், இருந்தார்கள், போனார்கள். தலைநகரிலிருந்து வரும் அதிகாரிகள் மாறினார்கள். மலாங்கின் நாற்காலி மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் கூடக் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம் ஒன்று இருந்தது. எந்தப் பீப்பாயில் போட்டோம் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பயம். மலாங்தான் வீடு வீடாகப் போனான். "எல்லாப் பீப்பாய்க்கும் ஒரே மணிதான் தாயி. உங்க மனசுல இருக்கறது எனக்கே கேக்காது, அவனுக்கு எங்க கேக்கப் போவுது?" என்று சொன்னான். அன்றைக்கு அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அவன் நல்லவன் என்று நான் சொல்வதற்கு அந்த ஒரு நாளே போதும். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

மில்லுக்குக் கம்பு கொண்டுவரும் பெண்களில் ஒருத்தி யாந்தே. செரேர் இனத்துக்காரி. மலாங் ஜோலா இனத்துக்காரன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பூட்டன் காலத்திலிருந்து கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், திருட்டுக் கழுதை என்பார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்குச் சங்கடம் என்றால் இன்னொருவர்தான் முன்னால் வந்து பரிந்து பேச வேண்டும், பொய் சொல்லியாவது காப்பாற்ற வேண்டும். இந்த நாடு இத்தனை நாள் துண்டு துண்டாகச் சிதறாமல் இருப்பது அரசியல் சட்டத்தாலா, இந்தக் கேலியாலா என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கேலி என்றுதான் சொல்வார்கள்.

"வந்துட்டாய்யா சோத்துத் திருடி! எவன் குதிர்ல கை வச்ச கம்புடி இது?" என்று மலாங் ஆரம்பிப்பான்.

"எசமானியம்மாகிட்ட இப்படியாடா பேசுவே, அடிமைப் பயலே? மாவு நைசா இல்லேன்னா உன்னைச் சந்தையில வித்துட்டுப் போயிருவேன்."

"என்னை எவடி வாங்குவா?"

"அதாண்டா என் கவலையே. ஒரு மூட்டை வெங்காயத்துக்குக் கூடத் தேறமாட்டே!"

வரிசையில் நிற்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் யாந்தேயைப் போலக் கைசுத்தமானவள் அந்த ஊரில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். புருஷனை ஆறு கொண்டுபோன பிறகு, கருவாடு விற்றுத் தனியாகவே பிழைத்தாள். பெண்கள் சங்கத்துப் பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். வேறு யாரிடம் கொடுப்பது என்ற பேச்சே எழுந்ததில்லை.

தகரக் கொட்டகைக்குள் டீசல் எஞ்சினோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினால் காது என்னவாகும்? முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் கரண்டிச் சத்தம். ஆண்களின் கனத்த குரல் கேட்டது. மெல்லிய ஓசைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. போன தேர்தலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், மணியும் போய்விட்டது என்று மலாங்குக்குத் தெரிந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியல் பார்க்கும் ஹவா டீச்சர் ஒவ்வொரு மணிக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அந்தப் பென்சிலைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டி ஒப்பேற்றிவிட்டான். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

இந்தமுறை நாடாளுமன்றத் தேர்தல். கோலி விலைக்குப் போகிறது என்று காலையிலிருந்தே பேச்சு. எதிர்க்கட்சி ஏஜென்ட் சீடியும் ஆளுங்கட்சி ஏஜென்ட் புபாவும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்ததும் ஹவா டீச்சர் தொழுகைக்கு எழுந்து போனாள். அதிகாரி போனில் தலைநகரோடு கத்திக்கொண்டிருந்தார். ஏஜென்ட்கள் இருவரும் அடுப்பில் கொதிக்கும் தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில் இறங்கிவிட்டார்கள். மலாங் இருக்கும்போது தாங்கள் வேறு எதற்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு அவர்களுக்கு.

அந்த நேரம் பார்த்து யாந்தே கோலியோடு உள்ளே போனாள். போனவள் வெளியே வந்தாள். மலாங் பென்சிலைத் தேடினான். பென்சில் மேஜைமேல் சும்மா கிடந்தது.

அதிகாரி போனை இறக்கினார். "அடிச்சுதா? நான் கவனிக்கலை."

அடித்தது என்று சொல்லி, அடிக்காமல் இருந்து, வேறு யாராவது அதைக் கவனித்திருந்தால்? செவிடனை உட்கார வைத்து நடத்திய தேர்தல் செல்லாது என்று ஒரு கட்சி கிளம்பும். நாற்காலி போகும், மானமும் போகும். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவன் மனதில் ஓடியது.

"அடிக்கலை," என்றான் மலாங்.

யாந்தே சிரித்தாள். "திருடின்னு கூப்பிட உனக்கு வேற எடமே கிடைக்கலையாடா?" வரிசையும் சேர்ந்து சிரித்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அடிச்சுது மலாங். நல்லாவே அடிச்சுது."

அவன் தரையைப் பார்த்தான். அவள் நகரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவள் போல அங்கேயே நின்றாள்.

"மலாங்குக்குக் கேக்கலைன்னா அடிக்கலைதான்," என்றான் புபா. "நீங்கதானே வாங்கினீங்க?" என்று சீடி அவன் சட்டையைப் பிடித்தான். பெண் போலீஸ் வந்தாள். அத்தனை பேர் நடுவில் யாந்தேயின் தலைத்துணியை அவிழ்த்து உதறினாள், மடியைத் தடவினாள், வாயைத் திறக்கச் சொன்னாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "முழுங்கிட்டா," என்றது வரிசையில் ஒரு குரல். "கை மாத்தியிருப்பா," என்றது இன்னொன்று. நரைத்த தலையில் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் பீப்பாய்களைத் திறந்து, கோலிகளைக் குழித்தட்டுகளில் கொட்டி எண்ணினார்கள். கொடுத்த கோலியும் விழுந்த கோலியும் ஒன்றுகூடப் பிசகாமல் சரியாக வந்தது. மலாங் அதிகாரியின் மேஜையருகே போனான்.

"சார், அப்போ யாந்தே போட்டுருக்கா."

"யாரு யாந்தே?" என்றார் அதிகாரி. அவருக்கு ஞாபகமே இல்லை. "எண்ணிக்கை சரியா இருக்கா? கையெழுத்துப் போடுங்க, நான் படகைப் பிடிக்கணும்."

சீடி கையெழுத்துப் போட்டான், புபா போட்டான். வெளியே ஜெயித்தவர்களின் லாரி வந்து நின்றது. ஒரே மாதிரித் துணியில் பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். அந்த இரைச்சலில் யாந்தேயின் பெயரைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஏன், மலாங்கும் அன்றைக்கு அங்கே நின்று கத்தவில்லையே.

அந்த வாரமே பெண்கள் சங்கத்தார் நாலு பேர் யாந்தே வீட்டுக்குப் போனார்கள். மரியாதைக்குக் கோலாக்கொட்டை கொடுத்து, உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்து, "பாவம், உனக்கும் வயசாகுது, சாவியை வேற யாராவது பாத்துக்கட்டுமே" என்றார்கள். அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மில்லுக்கு வரவில்லை. முற்றத்தில் உரலைப் போட்டு அந்த வயதில் தானே கம்பு இடித்தாள். மில் வாசலிலிருந்து பார்த்தால் உலக்கை ஏறி இறங்குவது தெரியும். மலாங் தினமும் அதைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் அவன் பள்ளிவாசல் படியில் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. யாந்தே எதையும் திருடலை. அவ கோலி போட்டா, மணியும் அடிச்சுது. எனக்குத்தான் காது கேக்காது. போன தேர்தல்லயே கேக்கலை. மறைச்சுட்டேன்."

முதலில் புபாதான் கைதட்டினான். "பாத்தீங்களா ஜோலாக்காரனோட விசுவாசத்தை! எசமானிக்காகக் காதையே அறுத்துக் குடுக்குறான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜோலாக்காரன் செரேர்க்காரிக்காகப் பொய் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அதுதானே முறை! இதை அவன் யோசித்திருக்கவே இல்லை.

"டேய், சத்தியமாச் சொல்றேண்டா!"

எவனோ ஒரு குறும்புக்காரன் அவன் முதுகுக்குப் பின்னால் சைக்கிளைக் கொண்டுவந்து மணியை அடித்தான். மலாங் திரும்பவில்லை. மறுபடியும் அடித்தான். கூட்டம் குலுங்கிச் சிரிப்பது மட்டும் மலாங்குக்குத் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. "என்னமா நடிக்கிறான்யா! கண்ணு கூட அசையலையே!" என்றார்கள்.

"சீடி, நீ சொல்லு. எண்ணிக்கை சரியா வந்துச்சே, நீதானே கையெழுத்துப் போட்டே!"

தோற்ற கட்சிக்காரன் சீடி. கசந்து போயிருந்தான். "இந்த நாட்டுல எண்ணிக்கை என்னைக்குடா சரியா வராம இருந்துருக்கு?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இமாம் நல்ல மனிதர். படியேறி வந்து மலாங்கின் தோளில் கைபோட்டார். "உன் முறைக்கு நீ செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டே, அல்லா உனக்குக் கூலி கொடுப்பான். நாங்களும் அந்தப் பொம்பளையை மன்னிச்சாச்சு. வீட்டுக்குப் போப்பா."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! இதைவிட ஒரு தண்டனை உண்டா? பழி இனி எந்தத் தண்ணீரிலும் கழுவ முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அதை ஒட்டவைத்தது தன் வாய்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

பெண்கள் தொழும் பக்கத்து வாசலில் யாந்தே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மலாங் அவள் முன்னால் போய் நின்றான். அவள் அவன் காதருகே குனிந்து, கனத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். செவிடர்களிடம் பேசிப் பழகியவள் பேசுவதைப் போல இருந்தது.

"உன் காது போனது எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். மில்லுல நான் உங்கம்மாவை இழுத்துத் திட்டுவேன், நீ பழைய வெங்காயக் கேலிக்கே பதில் சொல்லிக்கிட்டு இருப்பே. அப்பவே தெரிஞ்சு போச்சு. யார்கிட்டயும் நான் மூச்சு விடலை. அந்த நாற்காலின்னா உனக்கு உசிருன்னு தெரியும்."

மலாங் அவள் முகத்தைப் பார்த்தான். "அப்போ அன்னிக்கு ஏன் சொல்லலை நீ? இவன் செவிடன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் தலைத்துணியைத் தொட்டிருப்பாங்களா?"

யாந்தே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நீயே சொல்லுவேன்னு நின்னேன் மலாங்," என்றாள். "துணியை அவுத்து முடிக்கற வரைக்கும் நின்னேன்."