கரவெட்டிப் புழுவுக்கு வலித்தது, நொந்ததா?

1993 தை மாதம். நான் பயிற்சி ஆசிரியன், கொக்குவிலில் அறை. திங்கட்கிழமை இறுதிக் கற்பித்தல் சோதனை. பாடம், பூச்சிகளின் தெறிவினை, அதாவது தூண்டியதும் தானாக நடக்கும் அசைவு. தவறினால் இன்னும் ஒரு வருடம் நியமனம் கிடையாது. காட்ட வைத்திருந்த புழுக்களோ வெள்ளியன்றே போத்தலுக்குள் செத்துவிட்டன. புகையிலைத் தோட்டத்தில் கிடைக்கும் என்று நண்பன் சொல்ல, ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கரவெட்டிக்குப் புறப்பட்டேன்.

தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர். போர்த் தடையால் பெற்றோல் வராத காலம், சைக்கிள்தான். புத்தூரில் காற்றுப் போனது. ஒட்டுப் போட ஐந்து ரூபா, கால் மணித்தியாலம். வல்லை வெளியில் எதிர்காற்று. இறங்கி உருட்டினேன். வெட்கம் என்ன, எல்லோரும் உருட்டினார்கள். ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தோட்டக்காரி செல்வமலர் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பூச்சிமருந்து கிடைக்காததால் குனிந்து இலை இலையாகப் புரட்டி, புழுவைப் பொறுக்கிச் சாம்பல் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். புழு எதற்கென்று விளக்கம் கேட்டார், விடுவேனா? பாடத்துக்கென்று வைத்திருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி, நுனியைப் புழுவருகே பிடித்துக்கொண்டு தொடங்கினேன். சூட்டைத் தோலிலுள்ள நரம்பு முனை உணர்ந்து, வயிற்றுப்புறமாக ஓடும் நரம்பு நாணுக்கு அறிவிக்கும். உடலின் ஒவ்வொரு துண்டத்துக்கும் அங்கே ஒரு நரம்புத் திரட்டு உண்டு. அது தசைகளை முடுக்க, புழு தலையைச் சூட்டின் பக்கம் வீசும், சுருளும், ஓடும். இந்தியச் சஞ்சிகைகள் வாசித்த மிதப்பில், “வலிதான் அதை ஓட வைக்குது, அக்கா” என்று முடித்தேன். எங்கள் ஊரில் வலி என்றால் வலிப்பு. நோவுக்கு நோ என்றுதான் பெயர். அது மறந்துபோயிற்று.

“ஓமடா தம்பி, நல்லா வலிக்குது, உடம்பை இழுத்து இழுத்து. ஆனா உதுக்கு நோகுதெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

அக்கா சிரித்தபடி இருபது புழுக்களைப் பால்மாத் தகரப் பேணியில் இலையோடு போட்டு, பனங்கட்டியும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்.

மறுநாள் வகுப்பின் பின்வரிசை வாங்கிலிருந்து பரிசோதகர் கேட்டது அதையேதான். “புழுவுக்கு நோகுமெண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

“வலிக்கிறதைக் கண்ணாலை பாக்கலாம், சேர். நோகுதோ எண்டு எங்களுக்குத் தெரியாது.”

தலையாட்டினார். சித்தியடைந்தேன். நான் இன்று ஓய்வூதியம் எடுப்பதே செல்வமலர் அக்காவின் புண்ணியத்தில்தான்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தை மாதத்தில், காலை எட்டுக்கு முன் போங்கள். வெயில் ஏறினால் புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். கேட்காமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள். முக்கியமாக, பிடித்த புழுவை வெளியே விடாதீர்கள். நான் சோதனை முடிந்ததும் பாவம் பார்த்து அவற்றைப் பக்கத்து ஊரான கோண்டாவிலில் ஓர் ஆமணக்கஞ்செடியில் விட்டேன். நன்றி சொல்லப் போன இடத்தில் அதையும் பெருமையாகச் சொன்னேன்.

“ஆரின்ரை தோட்டத்துக்குப் பக்கத்திலையடா?” அக்கா இடுப்பில் கையூன்றி மெல்ல நிமிர்ந்தார். “அங்கையும் ஒருத்தியெல்லோ குனிஞ்சு பொறுக்க வேணும்!”

புழுவுக்கு நோகுமா என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு முதுகு நோகுமா என்று ஒருநாளும் கேட்கவில்லை.