வேற்றாள் வைத்த சோறு

பென்னாகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்காகப் பெங்களூர் போயிருந்தார். சோறு வைப்பதாகச் சொன்ன உறவினர் எட்டிக்கூடப் பார்க்காததால், பக்கத்து வீட்டுக்காரரின் சங்கிலியில் கிடந்த காவல் நாய் பட்டினியில் நோய்ப்பட்டு இளைத்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். எண்ணினேன், பக்கத்துக்கு எட்டுத் தெரிந்தது.

கால்நடை டாக்டரை அழைத்து வந்தேன். ஊசி போட்டவர், "ஏதாவது தின்னாத்தாங்க பிழைக்கும்" என்றார். பால்சோறு வைத்தேன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோபத்தோடு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"வேத்தாள் வெச்சா தொடாதுங்க ஐயா. திருடன் விஷம் வெச்சிருவான்னு குட்டியிலேயே அடிச்சுப் பழக்கிட்டனுங்க. போனை அதுகிட்டக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன்.

"தின்னுடா கறுப்பா, ஐயா நம்மாளுதான்டா!" என்று கெஞ்சினார்.

குரல் கேட்டதும் நாய் தள்ளாடி எழுந்தது. சோற்றைப் பார்க்கவில்லை. வாசல் கேட்டைப் பார்த்து வாலை ஆட்டியது.

"தின்னுதுங்களா ஐயா?"

"தின்னுது" என்றேன். மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

மறுநாள் காலை அது கேட்டைப் பார்த்தபடியே செத்துக் கிடந்தது. சோறு அப்படியே இருந்தது.

அவரைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. கடைசியில் தன் பேச்சைக் கேட்டுத் தின்றுவிட்டுத்தான் அது செத்தது என்று அவர் இன்னமும் நம்புகிறார். அந்தப் பொய்யை மட்டும் நான் திருத்தப்போவதில்லை.