சட்டை தளரவில்லை என்றோம்

அந்த மழைக்காலத்தில் அத்தான் பாதிச் சோற்றிலேயே கை கழுவத் தொடங்கினார். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும் என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர். வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

என் அக்கா லீலாவின் கணவர் தங்கையன்தான் அத்தான். பனச்சமூட்டில் முப்பது வருடம் தையல் கடை நடத்தினார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா (பட்டன் துளை) எடுத்து, பட்டன் தைத்தேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். எடை பார்த்தார். பழைய எடை எங்களில் யாருக்கும் தெரியாது.

“தடி குறஞ்ஞோ? ஷர்ட்டு லூசாயோ?” என்று மலையாளத்தில் கேட்டார் (உடம்பு இளைத்ததா, சட்டை தளர்ந்ததா என்று).

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். சட்டை உடம்போடு கச்சிதமாக இருந்தது. தளரவில்லை என்றோம். அத்தான் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரை எழுதி, குறையாவிட்டால் ஒரு மாதத்தில் வரச் சொன்னார்.

இடையில் அத்தானின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் வாந்தி எடுத்தார். அதற்குள் நாலு மாதம் போயிருந்தது.

எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு வயிற்றின் உள்ளே பார்ப்பது) செய்தார்கள். இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுவை செய்ய முடியாது, கீமோ (புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து) கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் துணி மடிக்கும்போது அக்கா ஒரு சட்டையை உள்புறம் திருப்பினாள். பக்கவாட்டில் பழைய தையலை ஒட்டி இன்னொரு தையல். அதற்கும் உள்ளே மூன்றாவது. ஆறு சட்டையிலும் அப்படியே. மத்தியானம் நான் சாப்பிடப் போகும் நேரத்தில், இளைக்க இளைக்க, தன் சட்டைகளைத் தானே பிடித்துத் தைத்திருக்கிறார்.

கேட்டேன்.

“மறைக்கணும்னு செய்யல்ல மக்கா. தளந்தா பிடிக்கது நம்ம கைக்குப் பழக்கமாக்கும். நீயும் பக்கத்துலதான இருந்தே, நான் மெலிஞ்சத கண்டியா?” என்று சிரித்தார். 

அவர் சொன்னதை நம்பினேன். கடைக்கு வருகிறவர்களிடமும் அவர் அப்படித்தான். உடம்பு பெருத்து, சட்டை இறுக்குகிறது என்று வந்தால், தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, துணி தண்ணீரில் சுருங்கியது என்பார். யாருடைய முகமும் வாடக் கூடாது. தன் உடம்பிடமும் அந்த மரியாதையைக் காட்டிவிட்டார்.

இப்போது அந்தக் கடையை நினைத்தால் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம்தான் முதலில் வருகிறது. நீலத் துணிக் குவியலுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். பிள்ளைகள் வளருவார்கள் என்று பாவாடை விளிம்பில் நாலு விரல் அதிகம் மடித்து வைப்பார். தன் மகள்கள் இருவருக்கும் ஒரே துணியில்தான் எடுப்பார், சண்டை வராது என்று. மாலையில் ஏத்தம்பழ அப்பம் (நேந்திரம்பழ பஜ்ஜி) வாங்கிக்கொண்டு, பொட்டலம் ஆறுவதற்குள் வீடு சேர வேகமாக நடப்பார்.

திருவனந்தபுரத்தில் கீமோவுக்குப் படுத்தபோது ஆஸ்பத்திரிச் சட்டையைப் பிடித்துப் பார்த்து, “இத வெட்டினவன் ஜென்மத்துல ஒரு மனுசனக் கண்டது கெடையாதாக்கும்” என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அதற்குப் பிறகு பதினோரு மாதம் எங்களோடு இருந்தார். அந்த மாதங்களில் ஒரு சட்டையையும் அவர் பிடித்துத் தைக்கவில்லை. தொளதொளவென்று போட்டுக்கொண்டே கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்த நாலு மாதம் முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இருக்கிறவர்களின் எடையை மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். கண்ணை நம்பாதீர்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து நம்பியவன்.

முன்பு எனக்கு வருடம் என்பது பள்ளித் திறப்பு, ஓணம், கிறிஸ்துமஸ். இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். அன்று காலை நான் வெளியே புறப்படும்போது, அக்கா வந்து என் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறாள். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கழுத்தை நீட்டி நிற்கிறேன், அவள் விரலை எடுக்கும் வரை.