புளி போட்டு மினுக்கிய விளக்கு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, லண்டனின் பழைய ஓபரா மாளிகை ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன். காலையில் ஆளில்லாத அரங்கில் சிவப்புத் திரையும் பொன்பூச்சும் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருக்கும். நானும் பாதிக் கனவில்தான் நடப்பேன்.

மேல்மாடி நடையில் ஒரு பித்தளை விளக்கு கரி பிடித்துக் கிடந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பழப்புளி கொண்டுபோய், குத்துவிளக்கை மினுக்குவதுபோல் தேய்த்தேன். விளக்கு பளபளத்தது.

சூப்பர்வைசர் அண்ணை பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன பிள்ளை செய்தனீர்? அந்தக் கரியைத் தொடக்கூடாதெண்டு உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? இனி வேலையில வைச்சிருப்பினமோ தெரியாது."

கட்டடத்தின் வரலாற்றைப் பதிவுசெய்யும் வெள்ளைக்காரப் பெண்ணை அழைத்துவந்தார். இரண்டு தரம் எரிந்து மூன்றாம் தரம் எழுந்த மாளிகை அது என்றாள் அவள். மின்சாரம் வருமுன், வாயு விளக்கு எரிந்த இரவுகளின் கரி இந்த ஒன்றில்தான் எஞ்சியிருந்ததாம்.

நான் அழுதுவிட்டேன். அவள் குனிந்து விளக்கை மணந்து பார்த்தாள்.

"இது என்ன வாசம்?"

சொன்னேன். அவள் பென்சிலை எடுத்து, தன் பதிவேட்டில் வரைந்துவைத்திருந்த அந்த விளக்கின் படத்துக்குக் கீழே என் பெயரை எழுதி, "புளியால் மினுக்கினார்" என்று சேர்த்தாள்.

"இனி இதுவும் இந்தக் கட்டடத்தின் கதைதான்."

வேலை போகவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டு விளக்கை மினுக்கும்போது, திரி எரிந்த இடத்தில் ஒரு பொட்டளவு கரியை விட்டுவிடுகிறேன்.